பத்து நிமிடத்தில் செத்த புழு

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திருப்பூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, குடல்புழுவைக் கொல்லும் மூலிகையைத் தேடி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். குடல்புழுவுக்குப் பதிலாக மண்புழுவை வைத்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். ஒரு விடுமுறை நாளில், பொறுமையில்லாமல், பல்லடம் சாலையில் பறித்த வேலிப்பருத்தித் தழையை வீட்டிலேயே அரைத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தேன். அதில் விட்ட மண்புழு பத்தே நிமிடத்தில் செத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

“சந்தோசமுங்க. வெறும் தண்ணியில ஒரு புழுவ உட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று முனகிக்கொண்டே இன்னொரு புழுவை வெறும் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். அது ஐந்தே நிமிடத்தில் செத்தது. பின்பக்கத்துச் சாயப்பட்டறையின் கழிவு கிணற்றில் இறங்கியிருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மூலிகை அந்த முதல் புழுவை ஐந்து நிமிடம் காப்பாற்றியிருக்கிறது!

அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா பக்கத்தில் வந்தார்.

“அந்தத் தழையில கொஞ்சம் எங்களுக்கும் குடு கண்ணு. நாங்க தெனமும் அந்தத் தண்ணியிலதான் குளிக்கிறோம்.”