அத்தை ஏறிய டிரெய்லர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், என் மாமா தன் காருக்குப் பின்னால் மாட்டி இழுப்பதற்கு ஒரு டிரெய்லர் செய்யக் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தென்காசியில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அண்டாவையும் கிடாரத்தையும் மாட்டுவண்டியில் அனுப்பினால் முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருகிறது என்பது அவருடைய நெடுநாளைய குறை. இரண்டு சக்கரமும் ஒரு மரப்பெட்டியுமாக அது தயாரானபோது எங்கள் தெருவில் பாதிப்பேர் அதை ‘டெய்லர்’ என்றார்கள். சட்டை தைப்பவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கொஞ்ச நாள் யோசித்ததுண்டு.

வண்டியை எடுத்துவரப் போன அன்று நானும் காரில் இருந்தேன். பட்டறைக்காரர் வயதானவர். கையைத் துடைத்துக்கொண்டே மாமாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். காரையும் வண்டியையும் சேர்ப்பது ஒரு இரும்பு முளை. அந்த முளை துள்ளி வெளியே வராமலிருக்க அதன் அடியில் ஒரு கொண்டி. ஒருவேளை முளையே போய்விட்டாலும் வண்டி தனியாக ஓடிவிடாமல் பிடிக்க இரண்டு பக்கமும் சங்கிலி.

“பாரத்த முன்னால கொஞ்சம் கூடுதலா வைங்க. பின்னால கூடுச்சுன்னா வண்டி வாலாட்டும். இறக்கத்துல மெதுவாப் போங்க. ஆள மட்டும் ஏத்திராதிய. என்ன அவசரம்னாலும் ஆளு ஏறப்படாது” என்றார்.

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வாரத்தில் சங்கிலிகளைக் கழற்றிவிட்டார். ரோட்டில் இழுபட்டுச் சலசலவென்று சத்தம் போடுகிறதாம். கொண்டி எங்கேயோ தொலைந்துபோய், அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார். அப்படியே சுரண்டைக்கும் வடகரைக்கும் போய்வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் பட்டறைக்காரர் சும்மா பயம் காட்டுகிறவர் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் கணவர் கொழும்புக்குப் போனவர், போனதோடு சரி. ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், நான் நினைவு தெரிந்து பார்க்கும்போது அடுப்படியில்தான் இருந்தாள். கடைசியாகச் சாப்பிடுவாள். யாராவது விருந்தாளி வந்தால் அவள் பாய்தான் முதலில் கைமாறும். இதையெல்லாம் நான் அப்போது கவனித்தேன் என்று சொல்ல முடியாது. அத்தை அப்படித்தான், மழை மேலேயிருந்து பெய்கிற மாதிரி.

அந்த ஆனி மாதம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் மாமா ஒரு வாரத்துக்கு வீடு பிடித்திருந்தார். காலையிலேயே டிரெய்லரில் சாமான் ஏறியது. அரிசி, விறகு, பாய்ச்சுருட்டு, பாத்திரங்கள். கடைசியில் ஆட்டுரலையும் இரண்டு பேர் தூக்கி வந்து பின்பக்கமே வைத்தார்கள், முன்னால் இடமில்லை என்று.

காரில் மாமாவும் அப்பாவும் முன்னால். அப்பா மடியில் என் தம்பி. பின்னால் அம்மா, மாசமாக இருந்த மாமி, மாமாவின் இரண்டு பிள்ளைகள், நான். எண்ணிப் பார்த்தபோது அத்தை மிச்சமாகி நின்றாள். கையில் அன்று அதிகாலை ஆட்டிய இட்லி மாவு, ஒரு பெரிய தூக்குச் சட்டி நிறைய.

“நான் பஸ்ல வாரேன் மதினி” என்றாள் அம்மாவிடம்.

“சீசன் கூட்டத்துல பஸ்ல ஏற முடியுமா? அதுவும் மாவத் தூக்கிக்கிட்டு” என்றாள் அம்மா.

அத்தை குனிந்து என்னைப் பார்த்தாள். “ஏட்டி, என் மடியில உக்காந்துக்கிடுதியா? கொஞ்ச தூரந்தான.”

எனக்குப் பத்து வயதாகியிருந்தது. மாமாவின் பிள்ளைகள் என்னைவிடச் சிறியவர்கள். அவர்கள் எதிரில் மடியில் உட்காருவதா? “மாட்டேன்” என்று சொல்லி ஜன்னலோரமாக இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டேன்.

“பின்னால ஏறிக்கோங்க மதினி” என்றார் மாமா. “சாமானையும் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும், மாவும் சிந்தாது.”

ஆள் ஏறக்கூடாது என்று பட்டறைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மாமாவுக்கும் இருந்திருக்கும். அப்பா முன்பக்கமிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார். அத்தை புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, ஆட்டுரலின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

மேலகரம் தாண்டும்வரை எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக் கைகாட்டினேன். ஒரு கையால் தூக்குச் சட்டியைக் கட்டிக்கொண்டு அவளும் கைகாட்டினாள். தலையில் சாரலுக்காக முந்தானையைப் போட்டிருந்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால், எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அன்று சந்தோஷமாக இருந்தாள் என்று தோன்றுகிறது. வீட்டைவிட்டு அவள் வெளியே கிளம்பி எத்தனை மாதமாயிற்றோ.

குற்றாலம் தாண்டி ஐந்தருவி ரோட்டில் ஏறியதும் வண்டி ஆடத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக. அத்தை கைகாட்டுவதை நிறுத்திவிட்டு பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, வண்டி வாலாட்டுது” என்றேன்.

“மாட்டுவண்டி மட்டும் ஆடலயா?” என்று மாமா சிரித்தார்.

“கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன் மாப்ளே” என்றார் அப்பா. ஒரே ஒரு தடவை சொன்னார்.

ஒரு இறக்கம் வந்தது. கீழே ஓடைமேல் ஒரு சின்னக் கல்பாலம். எதிரே மாடுகள் வந்தன. மாமா பிரேக்கை மிதித்தார். டணாரென்று ஒரு சத்தம். கார் திடீரென்று லேசானதுபோல் முன்னால் துள்ளியது. நான் திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியில் டிரெய்லர் இல்லை. அது எங்களுக்குப் பக்கவாட்டில், நாங்கள் போகிற திசையிலேயே, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் முகம் என் ஜன்னலுக்கு நேராக ஒரு கணம் வந்துபோனது. அவள் கத்தவில்லை. வாயை இறுக்கி மூடியிருந்தாள். அடுத்த கணம் வண்டி பாலத்துச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

ரோடெல்லாம் மாவு. மழை அதைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஆட்டுரல் அத்தையின் வலது காலின்மேல் கிடந்தது. தென்னந்தோப்பில் வேலைசெய்தவர்கள் ஓடிவந்து உரலைப் புரட்டினார்கள். அம்மா என் கண்ணைப் பொத்தினாள், ஆனால் கொஞ்சம் தாமதமாகப் பொத்தினாள்.

அத்தையை அதே காரில்தான் கொண்டுபோனார்கள். பின் சீட் முழுவதும் அவளுக்குக் கிடைத்தது. நாங்கள் மழையில் பாலத்தில் நின்றோம்.

பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து அவளிடம் வாக்குமூலம் வாங்க ஒரு போலீஸ் ஏட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் அன்று அங்கே இருந்தோம். மாமா முகம் சவரம் செய்யாமல் வராந்தாவிலேயே நின்றார். ஏட்டு வருவதற்கு முன்னால் அப்பா கட்டிலருகே போனார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அத்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“வண்டியில ஏறச் சொன்னது யாரும்மா?” என்று கேட்டார் ஏட்டு.

“யாரும் சொல்லல ஏட்டையா. நானாத்தான் ஏறினேன்” என்றாள் அத்தை. “மதினியோட தம்பி வேண்டாம்னுதான் சொன்னாவ. நான் கேக்கல.”

“இல்ல, மாமாதான…” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

“பிள்ள என்னமோ சொல்லுதே?” என்றார் ஏட்டு.

“அன்னிக்கிப் பயந்தவ, இன்னும் தெளியல” என்றாள் அம்மா.

ஏட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். எழுதியதை வாசித்துக் காட்டி அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். ஏட்டு போனதும் மாமா வராந்தாச் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். மாமா கெட்டவர் இல்லை. அந்த அழுகையும் பொய்யில்லை. ஆனால் ஆடி முடிவதற்குள் டிரெய்லரைச் சரிசெய்து வாங்கிவந்துவிட்டார். இப்போது இரண்டு பக்கமும் புதுச் சங்கிலி. முளைக்கு அடியில் கனமான கொண்டி.

அத்தை ஆவணியில் வீட்டுக்கு வந்தாள். அக்குளில் கட்டையை ஊன்றி அடுப்படிவரை போகப் பழகிக்கொண்டாள். அதன்பிறகு அவள் வேலையெல்லாம் உட்கார்ந்த இடத்தில். அம்மா அவளுக்கு ஒரு மணை போட்டுக்கொடுத்தாள். காய் நறுக்குவது, மாவாட்டுவது, பருப்பில் கல் பொறுக்குவது எல்லாம் முன்புபோலவே நடந்தன.

நான் அவளோடு பேசவில்லை. கேட்டால் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன், அவ்வளவுதான். மடியில் உட்கார மறுத்தது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று. பொய் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளோ போலீஸிடமே பொய் சொன்னாள். அதனால் நான் உண்மையைச் சொல்லவந்தது பைத்தியக்காரத்தனமாகிவிட்டது. அந்தக் கோபம் பெரிதாக இருந்தது.

ஒருநாள் காலையில் அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, எத்தன நாளைக்கி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருப்ப?”

“நீ எதுக்குப் பொய் சொன்ன?”

அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. “ஆமா, சொன்னேன்.”

“அதான் எதுக்கு? ஏறச் சொன்னது மாமாதான? அப்பா, அம்மா எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாவ?”

“ஒனக்கென்ன, நீ ஒங்க வீட்ல இருக்க. நீ என்ன வேணும்னாலும் கேக்கலாம்.”

எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. கணக்கில் தப்புச் செய்தவரைப் பிடித்துவிட்ட பெருமையோடு சொன்னேன்: “நீயும் இதே வீட்லதான அத்தை இருக்க?”

அத்தை நறுக்குவதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நல்ல வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டேன் என்று நினைத்து நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.