மணலில் இட்ட முழங்கால்

கீரி என்ற ஊரில் எங்கள் தெருவில் ஓட்டோ ஓட்டும் அவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். நெடிய மனிதர். எந்த வெயிலிலும் வெள்ளைச் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பூட்டியிருப்பார். வாதம் தொடங்கினால் முதலில் வேதப்புத்தக உறையின் சிப்பை இழுத்துத் திறப்பார். பூசையில் கொடுக்கும் நற்கருணை வெறும் அப்பம் என்பது அவர் கட்சி, ஆண்டவரே என்பது என் கட்சி. என்னைக் கண்டு அந்தச் சிப் திறபடாத நாளில்லை.

அவருடைய மனைவி கத்தோலிக்கர். மனைவியைப் பூசைக்குக் கூட்டிவந்து கடைசியில் நிற்பாரே தவிர, ஒருநாளும் முழங்காலிட மாட்டார்.

ஒரு திருநாள் பூசை கோயிலின் மணல் முற்றத்தில் நடந்தது. நற்கருணை வரிசையை ஒழுங்குபடுத்தியது நான்தான்.

"கெதியா முன்னுக்குப் போங்கோ" என்று சனத்தை விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முதியவரின் நடுங்கிய கையிலிருந்து நற்கருணை மணலில் விழுந்ததை நான் காணவில்லை.

"நில்லுங்கோ!"

ஓட்டோக்காரர் பாய்ந்து வந்து என் காலடியில் முழங்காலிட்டார். விழுந்த நற்கருணையைத் தொடாமல் இரண்டு கையாலும் அணைகட்டினார். பாதர் வந்து எடுக்கும்வரை அசையவில்லை.

பூசை முடிந்ததும் கேட்டேன்: "அண்ணை, அது அப்பம் எண்டுதானே சொல்லுறனீங்கள்?"

"ஓம், இண்டைக்கும் அப்பிடித்தான் சொல்லுவன். நீங்கள்தானே ஆண்டவர் எண்டு சொல்லுறனீங்கள்? பிறகு என்னெண்டு மிதிக்கப் போனீங்கள்?"

அன்று அவர் சிப்பைத் திறக்கவே இல்லை.

அவர் கொள்கை பிழை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் நற்கருணை வரிசையில் நின்றால், பீடத்தைப் பார்க்குமுன் என் காலடியைப் பார்க்கிறேன்.