மோட்டார் எரிந்தபோது சந்தோஷப்பட்டது யார்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கருகின வாசனை வந்தது. இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவளுக்கு அது என்ன வாசனை என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். கிரைண்டர் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துவிட்டது. கல் உருளும் சத்தம் முனகி முனகி நின்றது. "ஐயையோ, போச்சே!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நானாக நினைத்து வரவழைத்த சந்தோஷம் இல்லை. வாசனை மூக்கில் ஏறும்போதே அதுவும் கூட ஏறிவிட்டது. பிழிந்த துணியை உதறிக் கொடியில் போடுகிறேன், வாய் தானாகச் சிரிக்கிறது. அப்புறம்தான் பயம் வந்தது. ஞானஸ்நானம் எடுத்தவள் நான். சபையில் முதல் பாயில் உட்காருகிறவள். அடுத்த வீட்டில் பொருள் எரிந்ததற்கு என் உள்ளே இருந்து சந்தோஷப்பட்டது யார்?

இந்தக் கேள்வியைச் சும்மா விட்டிருக்கலாம். விடத் தெரியாது எனக்கு. போலகத்தில் பிறந்து, எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகிக் காரைக்காலுக்கு வந்தவள். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை என்பதை என்னைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி வேர்ப்பேன். இந்தத் தவிப்பிலிருந்து விடுதலை வேண்டும் என்றுதான் சபைக்கே போனேன். அரசலாற்றில் இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் ஐயா என்னை முக்கி எடுத்தபோது, பழைய மனுஷி இந்தத் தண்ணீரிலேயே செத்தாள், கரை ஏறுகிறவள் புதியவள் என்று சத்தமாகச் சொன்னார். ஈரப்புடவை காலில் சுற்ற நடந்து வந்தேன். அப்படி ஒரு லேசு. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எந்தக் கவலையும் இல்லை.

அதற்குப் பிறகு பூட்டையும் சிலிண்டரையும் சோதிப்பது குறைந்தது. மனசைச் சோதிக்க ஆரம்பித்தேன். மூடியிருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரம்பரைக் கத்தோலிக்கர். என்னைவிட மூத்தவர். நான் மாவு விற்கத் தொடங்கி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது அவரும் ஒரு கிரைண்டர் வாங்கினார். கேட்டால், "தெருவுல இட்லி திங்கிற வாயி கொறைவாடி?" என்பார். அவர் மாவு என் மாவைவிடப் புளிப்புக் குறைவு, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் வாடிக்கையாக வாங்கிக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரர்கள் அவர் பக்கம் போனார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவருக்கு மேலே கறிவேப்பிலை கொடுப்பேன், பதிலுக்கு அவர் மீன் குழம்பு கொடுப்பார். சபையில் சாட்சி சொல்லும்போது, பொறாமையை ஆண்டவர் என்னிடமிருந்து எடுத்துவிட்டார் என்றுகூட ஒருமுறை சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள்.

மோட்டார் எரிந்த அன்றைக்கே, ஊறின அரிசியை அன்னக்கூடையோடு இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏண்டி, என் மெசினு வாயப் பொளந்துடுச்சு. இன்னைக்கு மட்டும் ஒங்க கல்லுல ஓட்டிக்கவா?"

"இதுக்குப் போயி கேக்கணுமாக்கா? வாங்க."

மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்த கடையில் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். இன்றைக்கு மட்டும் என்றது தினமும் ஆனது. என் மாவை அரைத்து முடித்து, கல்லைக் கழுவி, அவர் அரிசியைப் போடுவேன். அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பால் வாங்குகிற இடத்தில், குழாயடியில், எங்கே பார்த்தாலும் என் புகழ்தான்.

"நம்மளும்தான் பொறந்ததுலேர்ந்து கோயிலுக்குப் போறோம். இவளப் பாருங்கடி. போட்டிக் கடைக்கே மாவு ஆட்டிக் குடுக்குறா. ஞானஸ்நானம் வாங்கினாலும் வாங்கினா, தங்கமா ஆயிட்டா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தத் தங்கம் என்னைத் தூங்கவிடவில்லை. அரிசியைக் கல்லில் கொட்டும்போதெல்லாம் கொடியடியில் நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் பாக்கெட்டுகளை அடுக்கும்போது என் கண் தானாக எண்ணியது. என்னுடையதைவிடக் கூடுதலா, குறைவா என்று.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, பிட்ட அப்பம் தட்டில் ஒவ்வொருவரிடமும் வரும். அதற்கு முந்தின வாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அவர் வீட்டுக்கே போய், பேசி, தீர்த்துவிட்டுத்தான் அப்பத்தைத் தொட வேண்டும். அந்த வாரத்தில் எங்கள் ஆட்கள் வீடு வீடாக நடப்பதைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பியிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். தீர்க்காதவர்கள், தட்டு வரும்போது எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் இதுவரை தள்ளியதில்லை.

ஜெபக்கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது பாஸ்டர் ஐயாவிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"சரி சிஸ்டர், தப்புன்னு தெரிஞ்சுடுச்சில்ல? ஜெபத்துல சொல்லிட்டு விட்டுடுங்க."

"விட முடியலீங்கய்யா. பழைய மனுஷி ஆத்துலயே செத்துட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"செத்தவ எப்படிங்கய்யா சிரிச்சா?"

அவர் கோபப்படவில்லை. "செத்தவ நானும்தான்" என்றார். "நேத்து கரண்ட் ஆபீஸ்ல வரிசையில ஒருத்தன் முன்னாடி பூந்தான். எனக்கு வந்த எண்ணத்தச் சொன்னா நீங்க வேற சபைக்குப் போயிடுவீங்க. உள்ள இருக்குறது உசுரோடதாம்மா இருக்கு. அதுக்குக் கீழ்ப்படியாம இருக்கத்தான் கிருபை. நீங்க கீழ்ப்படியலையே? அரிசிய அரைச்சுத்தானே குடுத்தீங்க? போங்க, போயித் தூங்குங்க."

சிலிண்டர் மூடித்தான் இருக்கிறது, தூங்கு என்று என் வீட்டுக்காரர் சொல்வதும் இதே மாதிரிதான். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் எழுந்து போய்த் திருகிப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். உள்ளே உயிரோடுதான் இருக்கிறது என்று ஐயாவே சொன்னது இன்னும் கலக்கியது. அப்படியானால் ஆற்றில் என்னதான் நடந்தது? நான் மாறவே இல்லையா? மாறாதவள் அப்பம் எடுக்கலாமா?

மறுநாள் காலையில் நேராக அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். அக்கா குந்தி உட்கார்ந்து அரிவாள்மனையில் கெளுத்தி நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டினச்சேரியிலிருந்து வருகிற மீன்காரம்மாவிடம் அப்போதுதான் வாங்கியிருக்கிறார். பூனை ஒன்று காத்திருந்தது.

"அக்கா, ஒரு மன்னிப்பு கேக்க வந்தேன்."

"என்னாடி, என் அன்னக்கூடைய நசுக்கிட்டியா?"

"இல்லக்கா. ஒங்க மோட்டார் எரிஞ்சப்ப நான் சந்தோஷப்பட்டேன்."

அக்காவின் கை நின்றது. "என்ன?"

"வாசன வந்தப்ப. துணி காயப்போட்டுட்டிருந்தேன். சிரிச்சேன். நீங்க மாவு வியாபாரம் ஆரம்பிச்சதுலேர்ந்தே உள்ளுக்குள்ள எரிச்சல்தான்க்கா. சபையில திருவிருந்து வருது, அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு…"

"அப்ப இத்தன நாளு அரைச்சுக் குடுத்தது?"

"அது… அரைச்சேன். ஆனா உள்ள…"

அக்கா எழுந்தார். கையில் மீன் ரத்தம். முகம் கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை, சின்னப்பிள்ளை மாதிரிக் கோணிப்போயிருந்தது. "ஊரு முழுக்க ஒன்னத் தங்கம் தங்கம்னு சொல்லிட்டு வந்தேனேடி. நாங்களும்தான் பாவம் பண்றோம். சாமியார்ட்ட போயி மண்டி போட்டு, மெதுவா காதுல சொல்லிட்டு வந்துடுறோம். அவரோட போவுது. யாருக்குத் துரோகம் நினைச்சமோ அவங்க மூஞ்சிக்கு நேரா வந்து கொட்டுறது என்னாடி வேதம்? ஒன் மனசு லேசாவுறதுக்கு என் மனச மிதிப்பியா?"

நான் சொல்லும்வரை அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. மனத்தாங்கலே இல்லாத இடத்தில் போய் மனத்தாங்கலை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வழக்கப்படி பார்த்தால், சொல்லப் போகாமல் இருந்திருந்தால் நான் அப்பம் எடுத்திருக்கலாம். இப்போதுதான் எடுக்க முடியாது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சாமி கும்பிடுவார், சபைக்கு வர மாட்டார், என்னைத் தடுக்கவும் மாட்டார். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒங்க ஐயாகிட்ட சொல்லி இன்னொரு தடவ முக்கச் சொல்லு. இந்தத் தடவ கொஞ்ச நேரம் உள்ளயே புடிச்சு வெச்சிருக்கச் சொல்லு."

அக்கா வரவில்லை. அன்னக்கூடையை அவர் வீட்டுக்காரர் வண்டியில் வைத்து எங்கேயோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அரைக்க எடுத்துப்போனார். திரும்பி வர நேரமானது. வெயிலில் வந்த மாவு சீக்கிரம் புளித்தது. மாடிவீட்டுக்காரர்கள் மறுபடி என்னிடம் வாங்க வந்தார்கள். பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது, ஆண்டவரே, அது மறுபடி உள்ளே தலைதூக்கிச் சிரித்தது. மன்னிப்புக் கேட்ட ஈரம்கூடக் காயவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழும்போதே, இந்த அழுகை அக்காவுக்காகவா எனக்காகவா என்று உள்ளே ஒருத்தி சோதிக்க ஆரம்பித்துவிட்டாள். அழக்கூட முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். கதவு தட்டின சத்தம் இல்லை, அன்னக்கூடை தரையில் டங்கென்று வைத்த சத்தம்தான் கேட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"வண்டிய எடுத்துட்டு அந்த மனுசன் துக்கத்துக்குப் போயிட்டாரு. அரிசி காலையிலேர்ந்து ஊறுது. நாளைக்கு ஞாயித்துக்கிழம, கோயிலு முடிஞ்சு அத்தன பேரும் இட்லி கேப்பாங்க."

"வாங்கக்கா, நான்…"

"பேசாத. பேசுனா நான் போயிடுவேன்."

கல்லை ஓடவிட்டேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நிறுத்து நிறுத்து" என்றார். "ஒன் உளுந்து ஒட்டிக்கெடக்கு. மனசக் கழுவுறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல கல்லக் கழுவு."

கழுவினேன். அரிசி விழுந்து அரைபட ஆரம்பித்தது. கை வைத்து மாவைத் தள்ளிவிட்டபடி அக்கா கேட்டார்: "இன்னும் அந்த நெனப்பு இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "இருக்குக்கா."

"இருக்கட்டும். தண்ணிய ஊத்து."

ஊற்றினேன்.

"இனிமே இப்படி ஏதாச்சும் தோணுச்சுன்னா ஏசுகிட்ட சொல்லு. எங்கிட்ட வராத. எனக்கு பிரஷரு இருக்கு."

"கோவம் போயிடுச்சாக்கா?"

"போவல" என்றார் அக்கா, மாவை விரலில் எடுத்து உரசிப் பதம் பார்த்துக்கொண்டே. "போறப்ப போவும்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப்புடவை கட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். முதல் பாயில் உட்காரவில்லை, கதவோரம் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. ஐயா அப்பத்தைப் பிட்டார். தட்டு ஒவ்வொரு கையாக வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு என்மேல் கோபம் போகவில்லை, அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அந்த எண்ணம் போகவில்லை, நானும் என் வாயாலேயே சொல்லிவிட்டேன். தள்ளிவிட வேண்டியதுதான் முறை. இந்த மாதம் தள்ளினால் அடுத்த மாதம் எடுப்பேனா? அதற்குள் அவர் மோட்டார் வந்துவிடும், மாடிவீட்டுக்காரர்கள் மறுபடி போவார்கள், எனக்கு மறுபடி எரியும். சுத்தமான பிறகுதான் எடுப்பேன் என்றால் செத்த பிறகுதான் எடுக்க வேண்டும். இதற்கு முன்னால் எடுத்த தடவையெல்லாம் என்ன தைரியத்தில் எடுத்தேன்? அப்போதும் இதே மனசுதானே உள்ளே இருந்தது, நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தட்டு என் மடிக்கு நேரே வந்து நின்றது. எனக்கு ஒன்றும் தெளியவில்லை. எடுத்தேன். நாக்கில் வைத்ததும் கரைந்தது. சரியாகச் செய்தேனா என்று விழுங்குவதற்குள்ளேயே கவலை வந்துவிட்டது. ஆனாலும் வாயிலிருந்து அதைத் துப்பவில்லை.

சில நாள் கழித்துக் கொல்லையில் துணி காயப்போடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கல் உருளும் சத்தம் கேட்டது. புதுக் காயில் கட்டின மோட்டார் சத்தம், கொஞ்சம் கூர்மையாக. எரிச்சல் மறுபடி வந்துவிட்டதா, உனக்கு நன்றாக வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் கொடியைப் பிடித்தபடி கூப்பிட்டேன்.

"அக்கா, மோட்டார் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று பதில் வந்தது. "ஏன், வயிறு எரியுதா?"

"கொஞ்சம் எரியுதுக்கா."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அக்கா சிரித்தாரா, கல்லில் அரிசி விழுந்த சத்தமா, தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று குதிகாலை உயர்த்தினேன். பிறகு இறக்கிக்கொண்டேன். கையில் இருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. அதை உதறிக் கொடியில் போட்டேன்.