வாசலில் ஒரு ஜோடி எட்டாம் நம்பர் செருப்பு: மயிலாப்பூரில் இருபத்திரண்டு நாள்

எங்கள் போன் வேலைக் குழுவில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஊர் ஊராகப் போய் எப்படி வேலை பார்க்கிறீர்கள், பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். பொருள் வாங்கியவர்களைப் போனில் கூப்பிட்டு, சரியாக வந்ததா என்று கேட்க வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மாதத்தில் இரண்டு நாள் தவறினால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. விழுப்புரம் வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லாம் என் நெற்றியைத்தான் பார்க்கிறார்கள். அதனால் ஊருக்கு ஒரு மாதம் என்று கிளம்பிவிட்டேன்.

இந்த மாசியில் வேலூரில் இருந்தேன். நான் தனி ஆள் என்று தெரிந்ததும் அறைக்காரர் அன்றே காலி செய்யச் சொன்னார். அன்றைய வேலை போயிற்று. ஒரு நாள் தவறியாகிவிட்டது, இன்னொன்று தவறினால் வேலை இல்லை. குழுவில் ஓர் அக்கா, "ஆம்பளச் செருப்பு ஒண்ணு வாசல்ல போட்டு வை, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றார். என்னிடம் ஒரு ஜோடி இருந்தது. அவருடைய துணிமணி எல்லாம் கொடுத்தாயிற்று. செருப்பை மட்டும் ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் கவரில் போட்டு என் கையில் கொடுத்திருந்தார்கள். அதை நான் திறக்கவே இல்லை. அப்படியே பையில் வைத்தேன்.

வீடு திரும்பி, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கிளம்பினேன். விழுப்புரத்தில் காலை பாசஞ்சர் பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் மாம்பலம். பதினொன்றரைக்கு ரங்கநாதன் தெருவில் நின்றேன். அந்தக் கூட்டத்தில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் மாட்டினால் அது உங்கள் பை இல்லை. நான் வாங்கியவை: நாலு பிளக் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 280 ரூபாய், வயர் நீளம் மூன்று மீட்டர். சொந்தப் பூட்டு 160. அறைக்காரர் தரும் பூட்டை நம்பாதீர்கள், அதற்கு எத்தனை சாவி இருக்கிறதோ யாருக்குத் தெரியும். துணி காயப்போட நைலான் கயிறு 40. கடைக்காரரிடம் பாக்ஸை அங்கேயே செருகிக் காட்டச் சொன்னேன்.

"இன்னாக்கா, என் மூஞ்சப் பாத்தா திருடன் மாதிரியா கீது?" என்றார்.

"மூஞ்சக் கேக்கல, லைட் எரியுதான்னு கேட்டேன்" என்றேன். எரிந்தது.

ஆட்டோக்காரர் மயிலாப்பூருக்கு 300 கேட்டார். எங்கே தங்குகிறேன் என்றும் கேட்டார். அதைக் கேட்டதும் நடையைக் கட்டிவிட்டேன். பனகல் பார்க்கில் 12B பஸ் கிடைத்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

அறை சாந்தோம் பக்கம், மாதா கோயிலுக்குப் பின் தெருவில். வீட்டுக்காரி ஸ்டெல்லா, ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. முன்பக்கம் அவர், மாடியில் இரண்டு இளவட்டங்கள், பக்கவாட்டுச் சந்தில் என் அறை. வாடகை 6,000, கரண்ட் தனி. "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார். பெருங்குடியில் நைட் ஷிப்ட், பகலில் வந்து தூங்குவார் என்று சொல்லிவிட்டேன். வேலூர் மாதிரி இங்கேயும் வெளியே அனுப்பினால் வேலை போய்விடும். வேறு என்ன செய்ய?

மஞ்சள் கவரை வாசலில் கவிழ்த்தேன். செருப்பு விழுந்தது. கையால் தொட முடியவில்லை. துடைப்பக் கட்டையால் தள்ளி, சுவரோரமாக நேராக வைத்தேன்.

ஜன்னலில் கனமான போர்வை ஒன்றைக் கட்டினேன். தெருச் சத்தம் பாதி குறையும், போனில் எதிராளிக்கு மீன் வண்டி கேட்காது. வயர் உள்ள ஹெட்செட்தான் நல்லது, அதற்குச் சார்ஜ் வேண்டாம். நாள் முழுக்கப் பேசினால் தொண்டை போய்விடும், மிளகு ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி பின், மெழுகுவத்தி, தட்டு, டம்ளர், ஸ்பூன் ஒவ்வொன்று. இரண்டாவது டம்ளர் வேண்டாம். நான் ஒன்று எடுத்துப்போய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், இடது செருப்பு திரும்பிக் கிடந்தது. பூனை என்று நினைத்தேன். மறுநாள் இரண்டும் சந்துப் பக்கம் பார்த்து இருந்தன. பூனை இரண்டையும் ஜோடியாகவா திருப்பும்? மாடிப் பையன்கள்தான் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள் என்று முடிவு செய்தேன். இல்லையென்றால் யாரோ நோட்டம் பார்க்கிறார்கள். செருப்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். காலையில் கோடு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

அந்த வாரம் ஒரு நாள் காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இருக்காது என்றார்கள். அடையாறில் மணிக்கு 60 ரூபாய்க்கு மேசை கொடுக்கும் இடம் இருக்கிறது, பஸ்ஸில் அரைமணி. அங்கே போய் வேலை பார்த்தேன். இலவச வைஃபை என்றார்கள், நான் தொடவில்லை, என் போன் டேட்டாவையே போட்டேன். ஐந்து மணி நேரமும் மனசு வாசலிலேயே இருந்தது. திரும்பி வந்தால் செருப்பைக் காணோம்.

சந்து முழுக்கத் தேடினேன். மாடிப் பையன் ஒருவன் இறங்கி வந்தான். "செருப்பு காணமாக்கா? வுடுங்க, செருப்பு தொலஞ்சா பீடை போச்சுன்னு சொல்வாங்க" என்றான். அவனை அறையாமல் விட்டது பெரிசு. அப்புறம்தான் பார்த்தேன், குழாயடியில் ஈரத்தோடு ஜோடியாக இருந்தது. யாரோ போட்டுக்கொண்டு நடந்த மாதிரி, வாசலில் இருந்து சுவடு.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு விளக்குப் போடாமல் கதவிடுக்கில் நின்றேன். பால் பாக்கெட் எடுக்க வந்த ஸ்டெல்லா அக்கா, குனிந்து செருப்பைத் தூக்கினார்.

கதவைத் திறந்தேன். "அத கீழ வைங்க. அது அவர் செருப்பு."

அவர் பயப்படவில்லை. "தெரியும்மா. அதான் எட்த்து வெக்கிறேன்."

"எதுக்குத் தொடறீங்க?"

"கத்தாத, மேல கீறவனுங்க முழிச்சுக்கப் போறானுங்க. நீ வெச்ச மாதிரி செருப்பு கடைல ஷோகேஸ்ல தான் கீது. நைட் ஷிப்ட் போறவன் செருப்பு ஒரே எடத்துல, ஒரே மாதிரி, தூசி புட்சிக்கினு கெடக்குமா? ரெண்டாம் நாளே மேல கீற ஒருத்தன் கேட்டான், ஆன்ட்டி, அந்த அண்ணன் பறந்து வர்றாரான்னு. அதான் நானே தெனம் திருப்பினு கீறேன். நேத்து வாசல்லேர்ந்து கையால மண்ணுல அழுத்திக்கினே போய் குழாயாண்ட வெச்சேன். திருப்பி வெக்கறதுக்குள்ள நீ வந்துட்ட."

ரூம் காலி செய்ய வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? வாடகை நீ தான குடுக்கிற, அவரா குடுக்கிறாரு?" என்று சொல்லிவிட்டு, என் நெற்றியைப் பார்த்தார். "எத்தினி மாசம் ஆச்சு?"

"எட்டு."

அவர் செருப்பைக் கீழே வைத்தார். "இனிமே நீயே பாத்துக்க. எனக்கு முட்டி வலிக்குது, தெனம் குனிய முடியாது."

இதுதான் நான் சொல்ல வந்த யோசனை. ஆண் செருப்பை எடுத்துப்போனால் போதாது, அது தினமும் நடக்க வேண்டும். கையால் திருப்பினால் தெரிந்துவிடும், காலில் போட்டு நடந்தால்தான் அடியில் மண் ஒட்டும். வாசலில் இருந்து குழாயடி வரை பத்தடி, திரும்பப் பத்தடி. ஒருவேளை உங்கள் வீட்டுக்காரி ஸ்டெல்லா அக்கா மாதிரி இருக்க மாட்டார், அதனால் பூட்டையும் மறக்க வேண்டாம்.

அடுத்த நாள் விடிந்ததும் கதவைத் திறந்து வெகுநேரம் நின்றேன். பிறகு காலை உள்ளே விட்டேன். எட்டாம் நம்பர். என் குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல் இடம் இருந்தது. வலது காலில் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது, என் விரல் அதற்குள் போய் உட்கார்ந்தது. தரையில் இழுத்து இழுத்து, அவர் நடக்கிற மாதிரியே சத்தம் வர, குழாயடிக்குப் போய்விட்டு வந்தேன்.

முன்பக்கத்து ஜன்னலில் இருந்து ஸ்டெல்லா அக்கா, மாடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார்: "இன்னாமா, உன் வூட்டுக்காரரு வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா" என்றேன்.