நினைவூட்டலை நிறுத்தியவர்

எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் சர்வரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி வீட்டு மாடியறையில் தனியாக இருந்தார். பதிவறையில் எனக்கு எதிர் மேசை.

"சர்வரம்மா, ரெண்டு காபி" என்று எக்ஸ்ரேக்காரர் தினமும் அதே ஜோக்கைச் சொல்வார்.

"பில்லை உங்க சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்பார் இவர், தலையைத் தூக்காமலே.

நோயாளி மறுபடி வரவேண்டிய நாளை வீட்டுக்குச் செய்தியாக அனுப்ப, சர்வரில் ஆளுக்கொரு வேலையைக் குறித்து வைத்திருந்தார். நேரம் வந்தால் அது தானே ஓடும். இறந்தவர்களுக்கானதை மாதக் கடைசியில் மொத்தமாக அழிப்பார். 'இருந்தால் அழி' என்பது கட்டளை. இல்லாவிட்டால், அப்படியொரு வேலை இல்லை என்று சர்வர் மஞ்சள் எழுத்தில் எச்சரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒரே தடவை ஓடும் வேலைகள் முடிந்ததும் தாமே அழிந்துவிடுவதால், அந்த எச்சரிக்கை மாதாமாதம் வரும். அவரும் படிக்காமல் தள்ளிவிடுவார்.

ஒருநாள் ஒருவர் வந்தார். குழந்தைகள் வார்டில் மகளைப் பறிகொடுத்தவர்.

"நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னு மறுபடி மெசேஜ் வந்திருக்கு மேடம். போன மாசமே சொல்லிட்டுப் போனேனே."

"அழிச்சிட்டேனே சார்."

"என் வீட்டுக்காரிக்கு இப்ப நினைவு சரியில்ல. மெசேஜைப் பாத்ததும் பாப்பா துணியை எல்லாம் பையில எடுத்து வெச்சுட்டு வாசல்ல வந்து நிக்கிறா. என்ன சொல்லி உள்ள கூட்டிட்டுப் போறது?"

அவர் போனதும் சர்வரம்மா அதே கட்டளையை மறுபடி ஓட்டினார். மஞ்சள் எழுத்து வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தார். அந்தக் குழந்தையின் வேலை மாதந்தோறும் ஓடுவது. தானாக அழிய வழியில்லை. பிறகு ஏன் இல்லை என்கிறது? குழந்தைகள் வார்டின் பதிவுகளையும் அவற்றுக்கான வேலைகளையும் தனித் தரவுத்தளத்துக்கு மாற்றியதே அவர்தான். அழிக்கும் கட்டளையோ பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

"குடி மாறிப் போனவங்களைப் பழைய வீட்டுல போய்த் தேடியிருக்கேன் சார்" என்றார் என்னிடம்.

புதிய இடத்தில் அழித்தார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

அடுத்த மாதம், செய்தி போகவேண்டிய நாளன்று, அவரே அந்த வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மெசேஜ் ஏதாவது வந்துச்சா சார்?"

"வரலம்மா. ஆனா அவ காலையிலேர்ந்து பையோட வாசல்லதான் நிக்கிறா. ஏன் இன்னும் மெசேஜ் வரல, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேளுங்கன்னு பிடுங்கி எடுக்கிறா. இப்ப நீங்களே பண்ணிட்டீங்க. அவகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"

கதவுவரை வந்த எக்ஸ்ரேக்காரர் காபி கேட்காமல் திரும்பிப் போனார்.