கூடாரங்களுக்கு மார்க்கர் போட்டவர்

தண்டாயுதபாணிக்குக் காலி இடம் கண்ணில் பட்டால் ஆகாது. அது அவருடைய தொழில் தந்த வியாதி.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, முன்பாகம், பின்பாகம், கை, கழுத்து என்று எல்லா அளவு அட்டைகளையும் அதன்மேல் பொருத்தி வரைவதற்கு மார்க்கர் போடுவது என்று பெயர். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் விழும் இடமெல்லாம் குப்பைக்குப் போகிற துணி. அதைச் சுண்டுவிரல் அகலத்துக்குமேல் விடாதவர் நல்ல மாஸ்டர். தண்டாயுதபாணி அரை விரல்கூட விடமாட்டார். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. குன்னத்தூரிலிருந்து வந்த புதிதில், அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டது. இப்போது கம்ப்யூட்டர் மார்க்கர் போட்டுத் தருகிறது. அவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, ஒரு சந்தில் விரலை வைத்து, "இக்கட்ட இன்னொரு கை உக்காரும்" என்பார். உட்காரும்.

இது கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மைத்துனன் கல்யாணத்தில் மண்டபத்துக்கு வெளியே பைக்குகள் தாறுமாறாக நின்றதைப் பார்த்து, பந்தியில் பாதி சாப்பாட்டில் எழுந்துபோய் அத்தனையையும் அடுக்கினார். நாற்பது பைக் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் கடைசியாக வந்தவர் பைக்கை எடுக்கும்வரை முதலில் வந்தவர் யாரும் வீட்டுக்குப் போகமுடியவில்லை. கடைசியாக வந்தவர் மாப்பிள்ளையின் நண்பர். சீட்டாட உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய மனைவி சித்ரகலா இன்னொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். நாளெல்லாம் தையலில் குற்றம் பார்ப்பவள், வீட்டில் குற்றம் பார்ப்பதில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் வீடு மாடியில். கீழே ஆறு ஓவர்லாக் தையல் மெஷின். வலப்பக்கத்து வீட்டில் எந்நேரமும் சீரியல். இடப்பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. தெருவில் சாயப்பட்டறைக்குப் போகும் தண்ணீர் லாரிகள்.

"ஏனுங்க, ஒரே ஒரு நா, ஒருத்தர் சத்தமும் கேக்காத எடத்துல படுத்துத் தூங்கோணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இந்தத் தீவாளிக்குக் கூட்டிட்டுப் போறேன் புள்ள" என்று சொல்லிச் சொல்லியே ஏழு தீபாவளி போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் நோம்பி லீவு வாரம் முழுக்கக் குன்னத்தூரில் உறவுக்காரர்கள் வீட்டில் கழியும். இந்த வருடம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தேஜஸ்ரீ நோம்பிக்கு வந்தவள், ஃபோனில் தேடி, கொடைக்கானலுக்கும் மேலே ஒரு கிராமத்தில் கூடாரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினாள். விளம்பரப் படத்தில் ஒரு மலை, ஒரு மரம், ஒரே ஒரு மஞ்சள் கூடாரம். சித்ரகலா அந்தப் படத்தைச் செக்கிங் மேசைக்காரிகள் எல்லோருக்கும் ஃபோனில் அனுப்பினாள்.

லீவு முடிவதற்குள், புதன்கிழமை விடிவதற்கு முன்னால் பழைய மாருதியில் கிளம்பினார்கள். பழனி மலைப்பாதையில் பாதி தூரத்திலேயே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் நின்றது டிஎன் 39. பின்னால் நின்றது டிஎன் 42. இரண்டும் அவர்கள் ஊர்ப்பக்கத்து நம்பர். பக்கத்தில் நின்ற வேனிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "சித்ரக்கா!" என்று கத்தினாள். சித்ரகலாவுக்கு நேர் எதிர் மேசையில் உட்கார்ந்து செக்கிங் பார்ப்பவள்.

"ஒரே நாள்ல எல்லாக் கம்பெனியும் பூட்டுனா இப்படித்தான்" என்றார் தண்டாயுதபாணி. "மேல போனா பிரிஞ்சு போயிருவாங்க."

பிரியவில்லை. கேரட் தோட்டமாக இருந்த சரிவில் முப்பத்தெட்டுக் கூடாரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. படத்திலிருந்த மரம் மட்டும் இருந்தது. அதில் யாரோ தொட்டில் கட்டியிருந்தார்கள். இரண்டே கழிப்பறை. அதன்முன் நின்ற வரிசையில் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்.

குல்லாய் போட்ட இடத்துக்காரர் ராபின் ஓடிவந்தார். "வாங்கண்ணே, வாங்கக்கா. இயற்கையோட இயற்கையா இருக்கலாம்."

"இயற்கை எங்கீங்க?" என்றாள் சித்ரகலா.

"இந்தா, உங்க டென்ட்டுக்குப் பின்னாடிதாங்க்கா."

கூடாரத்துக்குப் பின்னால் ஒரு கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொங்கலூர் ஆறுச்சாமியின் அடுப்பு அது. தோட்டமும் எட்டு மெஷினும் உள்ளவர். குடும்பத்தோடு பதினோரு பேராக வந்திருந்தார். நான்கு நாட்டுக்கோழிகளை உயிரோடு கொண்டுவந்திருந்தார். பனிமூட்டத்தில் பொழுது தெரியாமல் சேவல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விடியலைக் கூவி அறிவித்தது. அவர் வீட்டுத் துண்டுகள் சித்ரகலாவின் கூடாரக் கயிற்றில் காய்ந்தன.

"நம்ம கயிறுதானுங் அம்மிணி, ஒண்ணும் ஆவாதுங்" என்றார் ஆறுச்சாமி.

முன்பக்கம் நித்தீஷ். பிரிண்டிங் யூனிட்டில் வேலை. கூட ஐந்து நண்பர்கள், அரிசி மூட்டை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். "அங்கிள், சவுண்டு ஓக்கேவா?" என்று மரியாதையாகக் கேட்டான். தண்டாயுதபாணி பதில் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை.

சித்ரகலா கூடாரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தாள். "ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

ராபினிடம் பேசித் தள்ளி ஓர் இடம் வாங்குங்கள் என்பதுதான் அவள் சொன்னதன் பொருள். தண்டாயுதபாணி பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார்.

சரிவை மேலிருந்து கீழாக அளந்தார், குறுக்காக அளந்தார். கூடாரங்கள் மூன்றே அளவு: இருவருக்கானது, நால்வருக்கானது, எட்டுப் பேருக்கானது. ஒரு பேப்பர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு வரையத் தொடங்கினார். துணிக்கு நீளவாக்கு எப்படியோ, மலைக்குச் சரிவு அப்படி. அதை மீறி எதையும் வைக்கக்கூடாது. தலைமாடு எல்லாம் மேட்டுப் பக்கம். பெரியது முதலில், சின்னது அதன் சந்தில். இவர்கள் என்னடாவென்றால் குறுக்கும் நெடுக்குமாக அடித்து வைத்திருக்கிறார்கள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஆறுச்சாமியிடம் போனார். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால், லீவுக்கு வந்த இடத்தில் கூடாரத்தைப் பிடுங்கி மறுபடி அடி என்று சொல்பவரை அடித்திருப்பார்கள். ஆறுச்சாமி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மார்க்கருங்களா?"

"ஆமாங்க."

"மாஸ்டருங்களா நீங்க? அப்பவே சொல்லக்கூடாதுங்களா! டேய், அடுப்ப அமத்துங்கடா."

அந்தச் சரிவில் தட்டைப் பார்த்ததும் புரியாதவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் முளை பிடுங்க, ஒருவர் தூக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க, தானாக ஒரு லைன் உருவாகிவிட்டது. நித்தீஷ் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். கழிப்பறை வரிசையில் நின்றவர்கள்கூட இடத்தைச் சொல்லிவைத்துவிட்டு வந்து கை கொடுத்தார்கள். ஒன்றேகால் மணி நேரம். முப்பத்தெட்டுக் கூடாரமும் கோடு கிழித்ததுபோல் நின்றன. நடுவில் தாராளமாகப் பாதை. ஆறுச்சாமியின் அடுப்பு சரிவின் கீழ்க்கோடிக்கு, ஸ்பீக்கர் தெற்கு வேலிக்கு, சேவல் அதற்கும் அப்பால். மேற்கு ஓரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வெறும் புல்வெளியாக நீளமாக ஓர் இடம் மிச்சமாகிவிட்டது. அதில் அவர்களுடைய கூடாரம் ஒன்று மட்டும்.

சித்ரகலா அதன்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கீழே மேகம் மெல்ல நகர்ந்தது. "இப்பத்தானுங்க மலைன்னே தெரியுது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் தண்டாயுதபாணியும் சும்மா உட்கார்ந்திருக்கலாம். செய்த வேலையை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராபினைத் தேடிப் போனார்.

"மொத்த எடத்துல முப்பது பர்சென்ட் சும்மா கெடந்துச்சுங்க தம்பி. இப்பப் பாருங்க."

ராபின் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார். "டேய், இடமில்லன்னு ரெண்டு வேனை நிறுத்தி வச்சிருக்கல்ல, திருப்பி அனுப்பிறாத. மேல ஏத்து. இடம் வந்துருச்சு."

அரைமணியில் பதினான்கு கூடாரம் வந்து இறங்கியது. வந்தவர்கள் புல்வெளியில் கண்ட இடத்தில் முளை அடித்தார்கள். தண்டாயுதபாணி மரத்தடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டார். முதல் கூடாரம் குறுக்காகப் போனது, பொறுத்தார். இரண்டாவதன் கயிறு முதலாவதன் வாசலில் போனது. மூச்சை இழுத்துப் பிடித்தார். நான்காவதைச் சரிவுக்கு எதிராகத் தலைகீழாக வைத்தார்கள். அதற்குமேல் கால் தானாக நடந்தது.

"அப்படி வெக்காதீங்க. திருப்புங்க. இன்னும். அங்க. அடிங்க."

பிறகு அவர் கண்ணில் மனிதர்கள் தெரியவில்லை. டேப்பும் புல்லும்தான். ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு என்று உட்கார்ந்துகொண்டே போயின. பதிமூன்று பிசகாமல் உட்கார்ந்தது. கடைசியாக எட்டுப் பேர் கூடாரம் ஒன்று பாக்கி. அதற்குச் சரியாக ஒன்பதடி வேண்டும். எட்டரை இருந்தது. ஒரு நாற்காலி இடித்தது. டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏனுங்க, அந்தச் சேரைச் சித்தே அக்கட்டால எடுங்க" என்றார்.

நாற்காலி நகரவில்லை. நிமிர்ந்தார். சித்ரகலா உட்கார்ந்திருந்தாள்.

"எங்கீங்க எடுக்கோணும்?" என்றாள்.

அவர் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சொல்லுங்க மாஸ்டர். நான் எந்தச் சந்துல உக்காருவன்?"

அப்போதுதான் அவர் சுற்றிப் பார்த்தார். அவர்களுடைய கூடாரத்தின் மூன்று பக்கமும் கூடாரங்கள். பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் ஒரு ஜெனரேட்டர். அதை வைக்கச் சொன்னதும் அவர்தான். வேறு எங்கே வைத்தாலும் ஒரு கூடாரத்தின் இடம் போகுமே என்று.

"நான் போய் எல்லாத்தையும் மாத்தி…"

"நீங்க மாத்துனா இன்னும் பத்து வரும். சுருட்டுங்க. ஊட்டுக்குப் போலாம்."

"ஊட்டுக்கா? அங்க போயி என்ன புள்ள பண்றது?"

"வீரபாண்டி மொத்தமும் இங்கதானுங்க இருக்குது. அப்ப அங்க யாரு இருக்கறா?"

எந்தத் துணியில் எங்கே இடம் மிஞ்சும் என்று முப்பது வருடமாகக் கண்டுபிடித்தவருக்கு, இது தோன்றவே இல்லை.

அவர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்து ஆறுச்சாமி ஓடிவந்தார். "அம்மிணி, கோழி வெந்துருச்சுங். ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும்."

"பொட்டலங் கட்டிக் குடுத்துருங்கண்ணா."

"மாஸ்டர் போயிட்டா இதையெல்லாம் ஆரு பாத்துக்குவா?"

"அதுக்குத்தானுங்கண்ணா போறோம்."

தண்டாயுதபாணி முளைகளைப் பிடுங்கினார். கூடாரம் எழுந்ததும் அதே கையோடு ராபின் இன்னொன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் விரித்தார். அதைக் கால்வட்டம் திருப்பி வைத்தால், பக்கத்தில் இருவருக்கான கூடாரம் இன்னொன்றும் உட்காரும். தண்டாயுதபாணிக்கு அது பளிச்சென்று தெரிந்தது. வாய் திறந்தது. வண்டிக்குள்ளிருந்து சித்ரகலா ஹாரனை ஒரு முறை அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டு போய் வண்டியை எடுத்தார். பெருமாள்மலை தாண்டும்வரை வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

எதிர்ப்பக்கம் இரண்டு மைல் நீளத்துக்கு வண்டிகள் மேலேறக் காத்திருந்தன. இறங்கிய வண்டி அவர்களுடையது ஒன்றுதான். சித்ரகலா வழிநெடுகக் கோழிக்கறி சாப்பிட்டாள். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

வீரபாண்டிக்கு வந்தபோது மணி ஒன்பது. தெருவில் ஒரு ஜன்னலிலும் வெளிச்சமில்லை. கீழே ஓவர்லாக் ஓட்டும் பையன்கள் ஒடிசாவுக்குப் போயிருந்தார்கள். கைக்குழந்தை தேனிக்குப் போயிருந்தது. சீரியல் வீட்டில் பெரிய பூட்டு. சாயப்பட்டறை லாரிகள் வரிசையாகத் தூங்கின. மாடிப்படியில் பாதியில் நின்று சித்ரகலா கையை உயர்த்தினாள். அவரும் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே போனதும்தான் ஒரு முனகல் கேட்டது.

"அது என்னங்க சத்தம்?"

"நம்ம ஃப்ரிட்ஜுதான் புள்ள."

"இத்தன வருசமா இது பேசிட்டா இருந்துச்சு?"

தண்டாயுதபாணி போய் அதன் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளேயிருந்த பாலைக் காய்ச்சி இருவரும் குடித்தார்கள்.

மறுநாள் ஒன்பது மணி ஆகியும் அவள் எழவில்லை. அவர் இருவருக்கும் கறுப்பு டீ போட்டு, டம்ளர்கள் தட்டில் இடிபடாமல், விரல்நுனியில் நடந்து கட்டிலருகே வந்து நின்றார். சித்ரகலா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கம்பெனி என்னைக்குங்க திறக்கறாங்க?"

"திங்கக்கெழமை."

"இன்னைக்கு?"

"வியாழன்."

"அப்பக் கதவைச் சாத்திட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் இரண்டு டீயையும் தானே குடித்தார்.