ஏணியின் நாலாவது படி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஏணிக்காரர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக மரத்தில் ஏணி சாத்தி ஏறி இலை பறிப்பதுதான் வேலை. “இலை பறிக்கச் சம்பளமா?” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உச்சியில் முழு வெயில் படும் கிளையில், பழுப்போ பூச்சிக்கடியோ இல்லாத இலையாகப் பத்து பறித்து, வாடாமல் கொண்டுவந்து காட்டட்டும், பார்க்கலாம்.

அவர் பறிப்பதை அளப்பவள் நான். இலையின் பரப்பை ஸ்கேனரில் எடுத்து, மூன்று நாள் சூட்டுப்பெட்டியில் காயவைத்து எடை போடுவேன். பரப்புக்கு எடை அதிகம் என்றால் தடித்த இலை. மரம் நிறையச் செலவழித்துச் செய்தது, வருடக்கணக்கில் உழைக்கும். எடை குறைவு என்றால் மெல்லிய இலை. சிக்கனமாகச் செய்து, வேகமாக உணவு சம்பாதித்து, சில மாதத்தில் உதிர்த்துவிடும். எவர்சில்வர் டம்ளருக்கும் காகிதக் கப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். இருபது மரங்களை வருடாவருடம் இப்படி அளக்கிறோம்.

மூன்று வருடமாக எடை குறைந்துகொண்டே வந்தது. ஆராய்ச்சியை நடத்தும் எங்கள் மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“மரங்க பிழைக்கிற விதத்தையே மாத்திக்கிட்டிருக்கு! அடுத்த வாரம் மாநாட்டுல சொல்லப்போறேன்” என்றார்.

அந்த இலைகள் மெல்லியவை மட்டுமல்ல, அகலமாகவும் கரும்பச்சையாகவும் இருந்தன. ஒரே மரம்தான் உச்சி வெயிலில் சிறிய தடித்த இலையும், கீழ் நிழலில் அகலமான மெல்லிய இலையும் விடும். இவை உச்சியில் பறித்தவை அல்ல என்று முதல் வருடமே எனக்குச் சந்தேகம். அக்கா குடும்பமாயிற்றே என்று வாயைத் திறக்கவில்லை.

மதியம் சாமான் அறைக்குப் போனேன். அவர் ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், மேல்படியெல்லாம் ஒட்டடை பிடிச்சிருக்கு.”

அவர் துணியைக் கீழே வைத்தார். “முட்டி மடங்க மாட்டேங்குது. நாலாவது படி தாண்டினா உயிர் போகுது.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அவளுக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. ஏற முடியாதவனுக்கு இங்க என்ன வேலை? ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கே. அதே மரத்து இலைதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இருபத்தாறு வருஷம் பறிச்சவர் பேசுற பேச்சா இது? அந்தம்மா நாலு பேர் முன்னாடி அவமானப்படணுமா?”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேரே மேடம் அறைக்கு நடந்தார். எனக்கும் அதில் பங்கு இருந்ததால் பின்னாலேயே போனேன்.

மேடம் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்போ மூணு வருஷமா நான் அளந்தது மரத்தை இல்ல. உங்க முட்டியை.”

“ஆமாங்க.”

“எனக்கும் தெரியும் மேடம். சொல்லலை” என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேடம் எங்கள் எதிரிலேயே மாநாட்டுக்காரர்களுக்குப் போன் செய்து, தான் பேசப்போவதில்லை என்றார். மூன்று வருட எண்கள்மீதும் சிவப்புக் கோடு போட்டார். அத்தான் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அதை மாட்டிக்கோங்க” என்றார் மேடம் எரிச்சலாக. “எது வெயில் இலை, எது நிழல் இலைன்னு தொட்டுச் சொல்லத் தெரிஞ்ச ஆள் உட்கார்ந்து எடை போடலாம். நல்ல முட்டி இருக்கிற ஆள் ஏறட்டும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்படித்தான் நாற்பத்தெட்டு வயதில் நான் ஏணி ஏறினேன். போன வாரம் பதினோராவது மரம். பாதியில் தலை சுற்றியது. கைக்கு எட்டியதைப் பறித்துக்கொண்டு இறங்கி, தராசு முன்னால் இருந்த அத்தானிடம் கொடுத்தேன். அவர் ஓர் இலையை விரலால் தடவிவிட்டு, கட்டு முழுவதையும் திருப்பித் தந்தார்.

“நிழல் இலை. மறுபடி ஏறு.”

“கால் நடுங்குது அத்தான்.”

“பரவாயில்ல, நீ இன்னிக்கே சொல்லிட்டே. எனக்கு மூணு வருஷம் ஆச்சு.”

நொண்டிக்கொண்டே வெளியே வந்து, ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன்.